குவிமாடத்தின் கீழ் உழைத்த கைகளுக்காக ஒரு மடல்

இங்கிலாந்தின் பக்ஸ்டன் நகரிலுள்ள ஊற்றுகளையும் பழங்கட்டடங்களையும் காத்துவரும் பொறுப்பாளர்களுக்கும், அதைச் சூழ்ந்த டார்பிசயர் மலையூர்களில் ஆண்டுதோறும் கிணறுகளை அலங்கரிக்கக் களிமண்ணில் இதழ் பதித்து மலர்ப்பலகை சமைக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

1981ஆம் ஆண்டின் குளிர்காலத்திலிருந்து 2000ஆம் ஆண்டுவரை உங்கள் நகரின் டெவன்ஷயர் றோயல் வைத்தியசாலையில் தாதியாகப் பணியாற்றியவள் நான். முதல் சில ஆண்டுகள் தாதியர் விடுதியிலும், திருமணத்துக்குப் பிறகு டைட்ஸ்வெல் கிராமத்தில் ஒரு சிறிய கல்வீட்டிலும் குடியிருந்தேன். இப்போது ஓய்வுபெற்று வேறோர் ஊரில் பிள்ளைகளோடு வாழ்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த வைத்தியசாலையில் வேலை செய்த தாதியர், நோயாளரைத் தூக்கி இறக்கிய ஊழியர், சமையலறைப் பெண்கள், துணி வெளுத்தவர்கள், தண்ணீரில் நின்று நோயாளருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஆகியோரில் உயிரோடிருப்பவர்களின் நினைவுகளை, அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்கவேண்டும். நகரின் வரலாறு சொல்லப்படும் இடத்தில் அவற்றுக்கு ஓரிடம் கொடுக்கவேண்டும். இம்மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புவேன். ஆனால் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் ஆயுளைக் கழித்த எங்களவர் பலர் இன்றும் தமிழிலேயே நினைவுகூர்கிறார்கள் என்பதால், அவர்களும் வாசித்துத் தத்தம் நினைவுகளோடு முன்வரட்டும் என்று முதலில் தமிழில் எழுதுகிறேன்.

மன்செஸ்டரிலிருந்து வரும் தொடருந்து மலையேறி மூச்சு வாங்கி நிற்கும் கடைசி நிலையம் உங்களுடையது. விசிறி விரித்தாற்போன்ற அரைவட்டக் கண்ணாடிச் சாளரம் பதித்த அந்தக் கற்சுவரின் கீழே, ஒரு பெட்டியோடும் இரண்டு கம்பளி மேலங்கிகளோடும் இறங்கினேன். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. குளிர் அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டது. பின்னர் விடுதியிலிருந்த லங்காசயர் நோயாளர்கள் எனக்கு அந்த ஊரின் காலநிலையைக் கதையாகவே சொல்லித் தந்தார்கள். 1975ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் திகதி, டார்பிசயர் அணியும் லங்காசயர் அணியும் ஆடிக்கொண்டிருந்த கிரிக்கெட் போட்டி பக்ஸ்டன் மைதானத்தில் பனி பொழிந்ததால் அன்று நடைபெறவில்லை. அதற்கு முன் ஆடிய நாளில் லங்காசயரின் கிளைவ் லொயிட் ஆட்டமிழக்காமல் 167 ஓட்டங்கள் எடுத்ததையும், பனி உருகிய மறுநாள் டார்பிசயர் 42 ஓட்டங்களுக்குச் சுருண்டதையும், கையை உயர்த்த முடியாத ஒரு முதியவர் கண்களாலேயே பந்தைத் தொடர்ந்து விவரித்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்த வைத்தியசாலையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதை வாசிக்கும் தமிழர்களுக்குச் சொல்லவேண்டும். ஐந்தாம் டெவன்ஷயர் கோமகன், ஊற்று நீராட வரும் செல்வந்தர்களுக்காக 1780களில் பிறைவடிவ மாளிகை ஒன்றைக் கட்டினார். யோர்க் நகரக் கட்டடக் கலைஞர் ஜோன் கார் அதை வரைந்தார். அந்த விருந்தினரின் குதிரைகளுக்காக அருகே நடுமுற்றத்தோடு ஒரு பெரிய லாயமும் கட்டப்பட்டது. 1859இல் அந்த லாயத்தின் ஒரு பகுதி ஏழை நோயாளருக்காகத் திறந்துவிடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வராமல் லங்காசயர் ஆலைகள் நின்றுபோய்த் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது திரட்டப்பட்ட நிவாரணப் பணத்தில் மிஞ்சியதிலிருந்தே, லாயம் முழுவதையும் 300 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையாக மாற்றுவதற்குப் பெரும் பங்கு வந்தது. குதிரைகள் நடை பழகிய வட்ட முற்றத்துக்கு மேலே றொபேட் றிப்பன் டியூக் வடிவமைத்த இரும்புக் குவிமாடம் 1881இல் எழுந்தது. அதன் குறுக்களவு 44 மீற்றர். உரோமாபுரியின் பழங்கோவிலான பந்தியனின் குவிமாடத்தைவிடச் சற்று அகலம். நடுவில் ஒரு தூணும் கிடையாது.

அந்தக் குவிமாடத்தின் நடுப்புள்ளியில் நின்று கால் தட்டினால் ஓசை மேலே போய்த் திரும்பி வந்து தலையில் விழும். இரவுக் கடமையில் புதிதாக வரும் தாதிகளை அந்தப் புள்ளிக்கு அழைத்துப் போய் நிற்க வைத்துப் பேசச் சொல்வோம். தன் குரலே தன்னிடம் பெரிதாகித் திரும்புவதைக் கேட்டு அவர்கள் திடுக்கிடுவார்கள். இப்போது எண்ணிப் பார்க்கையில், எங்கள் குரலை எவரேனும் பெரிதாக்கிக் கேட்ட இடம் அந்த ஒன்றுதான்.

முடக்குவாத நோயாளரின் நாள், மற்ற நோயாளரின் நாளைப்போலத் தொடங்குவதில்லை. உறங்கி எழும்போது மூட்டுகள் எல்லாம் துருப்பிடித்த கீல்களாக இறுகியிருக்கும். விரலை மடக்குவதற்கே ஒரு மணிநேரம், சிலருக்கு இரண்டு மணிநேரம் ஆகும். அந்த நேரத்தில் அவசரப்படுத்துபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் நல்ல தாதி அல்லர் என்பதை எனக்கு முதலில் கற்பித்தவர் ஒரு மூத்த ஐரிஷ் தாதி. அந்தக் காலத்தில் பலருக்குப் பொன் கலந்த ஊசி மருந்து கொடுப்போம். உடம்புக்குள் தங்கம் போகிறது என்று கேட்டதும் நோயாளருக்கு முகம் மலரும். ஆனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, தோலில் தடிப்பு உண்டா, வாயில் புண் உண்டா என்று பார்த்து உறுதிசெய்த பிறகே மருந்தைத் தொடவேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சையாளருக்கு உதவியாக, உருகிய மெழுகில் நோயாளரின் கைகளைத் தோய்த்துத் தோய்த்து எடுப்பதும் சில நாட்களில் என் வேலையாக இருந்தது. மெழுகு படை படையாக ஏறி வெள்ளைக் கையுறைபோல் ஆனதும் துவாயால் சுற்றி வைத்து, சூடு உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, பிறகு உரித்து எடுப்போம். உரித்த மெழுகில் அந்தக் கையின் கோணல், முட்டிகளின் புடைப்பு, ரேகைகள்கூட அப்படியே இருக்கும். அதை மறுபடியும் பாத்திரத்தில் போட்டு உருக்கிவிடுவோம். நூற்றுக்கணக்கான கைகளின் அச்சை என் கையாலேயே அப்படிக் கரைத்திருக்கிறேன்.

கற்சுரங்கத்தில் ஆயுள் முழுவதும் வேலை செய்த ஒருவர் எங்கள் விடுதிக்கு வந்தார். பக்ஸ்டனைச் சுற்றிய மலைகள் சுண்ணாம்புக்கல். அதை வெட்டி எடுக்கும் பாரிய குழிகள் நகரின் வாசலிலேயே இருக்கின்றன. 1951இல் அந்த வட்டாரம் நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது நகரமும் அந்தக் குழிகளும் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. அந்த மனிதர் என் கறுத்த கை தன் மீது படக்கூடாது என்று முதல் நாளே சொன்னார். ஆட்பற்றாக்குறை இருந்த நாட்கள் அவை. வேறு வழியின்றி என்னிடமே கையைத் தந்தார். ஆறு வாரங்கள் அவருடைய விரல்களை நான் தோய்த்தேன், பிடித்தேன், மடக்கினேன். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. வீடு திரும்பும் நாளன்று தன் சட்டைப் பொத்தான்களைத் தானே பூட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே வாசலைக் கடந்து போனார். அவர் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய விரல்கள் மாறின. என் கடமை அதுவாகத்தான் இருந்தது. ஆயினும் இப்படியான நாட்களையும் சேர்த்துத்தான் உங்கள் நகரின் நோய்தீர்த்த வரலாறு என்று நம்புகிறேன். இனிமையான நினைவுகளை மட்டும் பதிவு செய்யும்படி நான் கேட்கவில்லை.

இனி ஊற்றைப் பற்றி. உங்கள் புனித ஆன் கிணற்றில், சிங்கவாயிலிருந்து இரவு பகலாக விழும் நீர் 27.5 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. அது சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி இப்போதுதான் வெளியே வருகிறது என்று நிலவியலாளர் கணித்திருக்கிறார்கள். யாரும் காசு கேட்பதில்லை. பாத்திரம் கொண்டுபோனால் நிரப்பிக்கொண்டு வரலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குச் சுண்ணாம்புக்கல்லும் ஊற்றும் புதியவை அல்ல. எங்கள் குடாநாடும் சுண்ணாம்புப் பாறையின் மேல்தான் கிடக்கிறது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணி இருக்கிறது. குதிரைமுகம் கொண்ட இளவரசி ஒருத்தி அதில் நீராடி நோய் நீங்கினாள் என்பது நாங்கள் பாலோடு குடித்த கதை. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்று அங்கே போய்த் தீர்த்தமாடுவார்கள்.

என் தந்தையார் 1980களின் நடுப்பகுதியில் ஊரில் காலமானார். போரின் காரணமாக என்னால் போக முடியவில்லை. அந்த ஆண்டு ஆடி அமாவாசையன்று பகற் கடமை முடிந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல், வைத்தியசாலையிலிருந்து இறங்கி நடந்து உங்கள் கிணற்றடிக்கு வந்தேன். யூலை மாதம், நகரம் தன் கிணறுகளை மலர்ப்பலகைகளால் அலங்கரித்திருந்த நாட்கள். இரு கைகளையும் குவித்து நீரை ஏந்தினேன். அது இளஞ்சூடாக இருந்தது. கீரிமலைத் தண்ணீர் குளிர்ந்தது. அந்த வேறுபாட்டில்தான் எனக்கு அழுகை வந்தது. போத்தல் நிரப்ப வரிசையில் நின்ற ஒரு பெண்மணி என் தோளில் கை வைத்து, ‘ஆறுதலாக நில், என் டக்’ என்றார். டார்பிசயரில் அன்புக்குரிய எவரையும் வாத்து என்றே விளிப்பார்கள் என்பதை அறியாதவர்களுக்கு அது விந்தையாக இருக்கும். எனக்கு அது ‘என்ர பிள்ளை’ என்று கேட்டது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, பிறகு அவரைக் கண்டதுமில்லை.

இந்த ஊற்றின் வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த செய்தி உரோமர் இதற்கு அக்குவே ஆர்னெமெத்தியே என்று பெயரிட்டதோ, மூட்டு நோயுற்றிருந்த ஸ்கொற்லாந்து அரசி மேரி சிறையிருப்பின் நடுவே பலமுறை இங்கு அழைத்துவரப்பட்டதோ அல்ல. 1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குறோம்வெல்லின் கட்டளைப்படி வில்லியம் பாசற் என்பவர் வந்து கிணற்றையும் குளிக்குமிடத்தையும் பூட்டி முத்திரையிட்டார். புனித ஆனின் உருவத்தோடு, குணமடைந்தவர்கள் அங்கே விட்டுச் சென்ற ஊன்றுகோல்களையும் அவர் அகற்றிக்கொண்டு போனார். யார் யாரோ நொண்டி நொண்டி மலையேறி வந்து, திரும்பும்போது தேவையில்லை என்று சாத்தி வைத்துவிட்டுப் போன மரக்கோல்கள் அவை. பெயரில்லாத மனிதர்கள் தாங்கள் வந்துபோனதற்கு விட்டுச்சென்ற ஒரே சான்று அதுவாகத்தான் இருந்திருக்கும். அன்று அகற்றியவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நாங்கள் விட்டுச்சென்றவற்றை எவரும் வேண்டுமென்று அகற்றவில்லை. எடுத்து வைக்க ஆளில்லாமல் அவை தாமாகவே போய்க்கொண்டிருக்கின்றன.

கிணற்று அலங்காரக் குழுவினரே, உங்களிடம் தனியாகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். டைட்ஸ்வெல்லுக்குக் குடிவந்த முதல் யூன் மாதத்தில், பக்கத்து வீட்டு மூதாட்டி என் வாசலைத் தட்டி, உனக்குத் தாதியின் விரல்கள் இருக்கின்றன, இதழ் வைக்க வா என்று கூப்பிட்டார். புனித யோவான் திருநாளை ஒட்டி வரும் அந்த வாரத்துக்காக, பதினான்காம் நூற்றாண்டுக் கோவிலின் கோபுரம் தெரியும் ஒரு கொட்டகையில் வேலை நடந்தது. ஆணிகள் அறைந்த மரப்பலகைகளை நாட்கணக்கில் நீரில் ஊறவிட்டு, உப்புக் கலந்த களிமண்ணைப் பிள்ளைகள் காலால் மிதித்துப் பதமாக்கி, பலகையில் அப்பி மட்டமாக்கியிருந்தார்கள். படம் வரைந்த தாளை அதன் மேல் விரித்து ஊசியால் குத்திக்கொண்டே போனால், தாளை எடுத்த பிறகு களிமண்ணில் புள்ளிகளாகப் படம் தெரியும். அந்தப் புள்ளிகளின் மேல் ஆல்டர் மரத்தின் கருங்காய்களைப் பதித்து எல்லை கட்டி, அதற்குள் இதழ்களை நிரப்பவேண்டும்.

கீழிருந்து மேலாக வை என்றார் அந்த மூதாட்டி. ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குவதுபோல, மேல் இதழ் கீழ் இதழின் மேல் சிறிது படிந்திருந்தால்தான் மழை வழுகிப் போகும். ஓர் இதழைத் தலைகீழாக வைத்தால் அந்த இடத்தில் நீர் புகுந்து ஒரே நாளில் அழுகிவிடும். மூன்று நாட்கள் குனிந்து இருந்ததில் இடுப்பு ஒடிந்தது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்த மூன்று நாட்களில், மூன்று ஆண்டுகள் பஸ்சில் பக்கத்தில் இருந்து பயணம் செய்திருந்தாலும் அறிந்திருக்க முடியாத அளவுக்கு அந்த ஊரை அறிந்தேன். யார் தாத்தா ஈயச் சுரங்கத்தில் போனார், அருகிலுள்ள லிற்றன் ஆலையில் வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட அநாதைப் பிள்ளைகள் எப்படி நடத்தப்பட்டார்கள், மில்லர்ஸ் டேல் தொடருந்து நிலையம் 1967இல் மூடப்பட்ட பிறகு சந்தை நாட்கள் எப்படி மாறின என்பதெல்லாம் இதழ் வைத்தபடியே சொல்லப்பட்டன. எவரும் எவரையும் பார்த்துப் பேசுவதில்லை. கண்கள் களிமண்ணில், பேச்சு காற்றில். என் ஊரைப் பற்றியும் அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். நினைவுகளைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியோடு அறைக்குள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் எங்களில் பலர் வாய் திறக்கமாட்டார்கள். இதழ் வைக்கும் மேசையில் உட்காரவையுங்கள், தானாக வரும்.

பெயரற்றவர்களை எப்படி நினைவில் வைப்பது என்பதற்கு முன்மாதிரி தேடி நீங்கள் தூரப் போகவேண்டியதில்லை. டைட்ஸ்வெல்லிலிருந்து ஏறத்தாழ 5 மைல் தொலைவில் ஈம் கிராமம் இருக்கிறது. 1665இல் இலண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு கொள்ளைநோய் அங்கே நுழைந்தது. வில்லியம் மொம்பெசன், தோமஸ் ஸ்ரான்லி என்ற இரு குருமாரின் சொற்கேட்டு, நோய் அடுத்த ஊருக்குப் பரவாதபடி ஊரார் தம்மைத் தாமே எல்லைக்குள் அடைத்துக்கொண்டார்கள். வெளியூரார் கொண்டுவந்து வைத்த உணவுக்குரிய காசை நீரோடையிலும், வினாகிரி ஊற்றிய கற்குழியிலும் இட்டார்கள். 14 மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் மாண்டார்கள். இன்று அந்த ஊர் வீதியில் நடந்தால், நோய் கண்ட வீடுகள் பலவற்றின் முன்னும் அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் பலகையில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பிரபுக்கள் அல்லர், தையற்காரர், உழவர், பிள்ளைகள். தொற்றுநோய்ச் சிகிச்சையைப் படித்த ஒரு தாதியாக நான் அந்தப் பலகைகளின் முன் ஒவ்வொரு முறையும் நின்று வாசித்திருக்கிறேன். அந்த ஊர் அதைச் செய்ய முடியுமானால், சில மைல்களுக்கு அப்பால் நம் நகரமும் செய்யலாம்.

2000ஆம் ஆண்டு வைத்தியசாலை மூடப்பட்டது. காரணங்களை விவாதிக்க நான் இங்கே வரவில்லை. கடைசி நாளில் நாங்கள் சிலர் குவிமாடத்தின் நடுப்புள்ளியில் நின்றோம். யாரும் கால் தட்டவில்லை. அதன்பின் டெர்பி பல்கலைக்கழகம் கட்டடத்தை வாங்கி அக்கறையோடு புதுப்பித்தது. இடிந்துபோகாமல் அது நிற்பதைக் கண்டு நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். பிறை மாளிகையும் நீண்ட காலம் பூட்டிக் கிடந்து 2020இல் மறுபடி தங்குவிடுதியாகத் திறந்தது. சென்ற முறை வந்தபோது என் பேத்தியை இரண்டு இடங்களுக்கும் கூட்டிச் சென்றேன். கோமகனையும் கட்டடக் கலைஞரையும் குதிரைகளையும் பற்றி அவள் நன்றாகத் தெரிந்துகொண்டாள். வெளியே வந்ததும், அம்மம்மா, நீங்கள் எந்த இடத்தில் நின்று வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய இடத்தில் அவள் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோளை விரித்துச் சொல்கிறேன். வைத்தியசாலை மூடி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அன்று இளையவர்களாக இருந்தவர்களே இன்று ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டு பொறுத்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது. உள்ளூர்ப் பாடசாலைப் பிள்ளைகள் சிலரை ஒரு பருவத்துக்கு இந்த வேலையில் ஈடுபடுத்துங்கள். அயலூர்களிலிருந்து காலைப் பனியில் நடந்து வேலைக்கு வந்த சமையற்காரிகளிடமும், கரிபியன் தீவுகளிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களிடமும் அவர்கள் கேட்கட்டும். குவிமாடத்தின் கீழோ ஊற்றுக்கு அருகிலோ, கேட்க விரும்புபவர் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு மூலை போதும். மலர்ப்பலகைக் குழுவினரே, ஏதேனும் ஓர் ஆண்டு, உங்கள் ஊர்க்கிணறு ஒன்றில், மெழுகு தோய்ந்த இரு கைகளைப் பிடித்திருக்கும் வேறு இரு கைகளைப் படமாக வையுங்கள். வெள்ளை இதழுக்குப் பஞ்சமிராது. கறுத்த கைக்கு எதை வைப்பது என்பதை நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன், வறுத்த கோப்பிக் கொட்டை சரியாக வரும்.

என் பங்குக்கு என்னிடமுள்ளவற்றைத் தருகிறேன். இடுப்புப் பட்டியின் வெள்ளிக் கொளுவி, மார்பில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரம், வைத்தியசாலையின் சின்னம் பொறித்த குத்தூசி ஆகியன இருக்கின்றன. எங்களோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், விடைபெற்றபோது எங்கே போனார்கள் என்று நான் குறித்து வைத்த ஒரு கொப்பியும் இருக்கிறது. அதிலுள்ளவர்களின் சம்மதத்தை ஒவ்வொருவராகக் கேட்டுப் பெற்ற பிறகே அதைக் கையளிப்பேன். அந்தக் கடிதங்களை இந்த வாரமே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

வருகிற யூன் மாதம் டைட்ஸ்வெல்லில் களிமண் மிதிக்கும் நாளிலிருந்து பலகை நிமிர்த்தும் நாள்வரை அங்கே தங்கியிருப்பேன். உங்களில் எவரேனும் பேச விரும்பினால் கொட்டகைக்கு வரலாம். என் விரல்களிலும் இப்போது காலை விறைப்பு வந்துவிட்டது; பத்து மணிக்குப் பிறகென்றால் இதழ் வைப்பேன்.

மிகுந்த மரியாதையுடனும் அன்புடனும்,
டெவன்ஷயர் றோயல் வைத்தியசாலையின் முன்னாள் தாதி ஒருவர்